தொலைநோக்கிக்கு அட்டைக் குழாயே போதும்

 

போன ஞாயிறு உழவாரப் பணி முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு வாக்குவாதம் வந்தது. அப்புறம் பல பேர் என்கிட்ட தனியா கேட்டாங்க. அதனால என் கருத்தை இங்கேயே எழுதிடுறேன்.

வர்ற சிவராத்திரிக்குள்ள கோயில் பிள்ளைங்களே ஒரு தொலைநோக்கி செய்யப் போறாங்க. 6 அங்குலக் குழியாடி வாங்கியாச்சு. இனி குழாய்தான் பாக்கி. உபயம் தர முன்வந்த அண்ணன் ஒருத்தர், "கோயில் பொருள், பளபளன்னு அலுமினியத்துல செய்வோம்"னு சொன்னார். நல்ல மனசு. நான் அட்டைக் குழாய் போதும்னு சொன்னேன். சில பேர் சிரிச்சாங்க.

குழாய்க்கு என்ன வேலைன்னு முதல்ல பார்ப்போம். அடியில இருக்கிற குழியாடி நட்சத்திர ஒளியைக் குவிச்சு மேலே அனுப்பும். வாய்ப்பக்கம் சாய்வா இருக்கிற சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில திருப்பிக் கண்ணுக்குக் கொடுக்கும். குழாய் எதையும் பெரிசாக்காது. ரெண்டு கண்ணாடியையும் ஆடாம ஒரே நேரா பிடிச்சுக்கணும், தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே வராம தடுக்கணும். அவ்வளவுதான். நம்ம ஆடியின் குவியத்தூரம் 48 அங்குலம். 8 அங்குல அகலம், ஏறக்குறைய 4 அடி நீளம் இருந்தா சரியா வரும்.

அலுமினியம் துருப்பிடிக்காது, உறுதியானது. ஆனா உலோகம் ராத்திரியில சீக்கிரம் குளிர்ந்துடும். நம்ம பேராக் காத்துல ஈரம் அதிகம், குளிர்ந்த குழாய் மேல பனி முத்து முத்தா கட்டும். உள்ளே குளிர்ந்த காத்து அசையும்போது படமும் அலையடிக்கும். அதை அறுக்கப் பட்டறைக்குத்தான் போகணும். பிள்ளைங்க வேடிக்கைதான் பார்ப்பாங்க.

பிவிசி பைப் மழைக்கு அசையாது. ஆனா 8 அங்குல பைப் நல்ல கனம். பகல் சூட்டை ரொம்ப நேரம் விடாது, வெயில்ல கிடந்தா வளையவும் செய்யும். பலகையில சதுரப் பெட்டியா செய்றது நல்ல வழிதான், ஆனா அதுக்குத் தச்சு வேலை கைவரணும்.

கான்கிரீட் தூண் வார்க்கிற தடித்த அட்டைக் குழாய் லேசானது, சூடும் குளிரும் சட்டுனு ஏறாது. பன்னிரண்டு வயசுப் பிள்ளையே கத்தியால அறுத்து ஓட்டை போடலாம். ஒரு வீடு கட்டுற இடத்துல மிச்சமான துண்டும் நமக்குக் கிடைச்சிருக்கு.

"மழை, கறையான், பூசணம் என்ன ஆகும்?"னு செயலவை அம்மா ஒருத்தர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. உள்ளேயும் வெளியேயும் மூணு பூச்சு வார்னிஷ் அடிக்கணும். அறுத்த விளிம்புலதான் தண்ணி முதல்ல ஏறும், அங்கே இன்னொரு பூச்சு. காய்ஞ்சதும் உட்புறம் மினுக்காத கறுப்புச் சாயம். தரையில வைக்காம பரண்ல வைக்கணும். அப்படியும் சில வருஷத்துல கெட்டுப்போனா குழாயை மட்டும் மாத்திக்கலாம், கண்ணாடி நிலைச்சு நிற்கும். உடம்பு போகும், ஆன்மா இருக்கும்னு சொற்பொழிவுல கேட்கிறோமே, அது மாதிரிதான்.

அட்டையைக் கேவலமா நினைக்கிறவங்க ஜான் டாப்சனைத் தெரிஞ்சுக்கணும். ராமகிருஷ்ணர் வழி வந்த சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்துல 1944-ல் சேர்ந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு ஆடி செஞ்சார், அட்டைக் குழாயில பொருத்தினார். 1967-ல் மடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அப்புறம் தெருவோரத்துல தொலைநோக்கியை வச்சுப் போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார். இன்னைக்கு உலகம் முழுக்க அந்த வகைக்கு அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்? நம்ம பாட்டிமார் விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து பெரட்டுக்குப் போனவங்க. இப்போ பால்மரமும் இல்ல, லயமும் இல்ல, கோயில் மட்டும் நிக்குது. நாம கார்த்திகைக்கு விளக்கேத்துறோம், தைப்பூசத்துக்குக் கல்லுமலையில காவடி எடுக்கிறோம். கார்த்திகை எது, பூசம் எதுன்னு வானத்துல காட்டச் சொன்னா எத்தனை பேரால முடியும்?

சிவராத்திரி அமாவாசையை ஒட்டி வர்றது, நிலா விடியற்காலையிலதான் எழும். முதல் கால பூஜை முடிஞ்சதும் மேற்கே கார்த்திகைப் பெண்கள் தெரிவாங்க. ராத்திரி ஏற ஏற பூச நட்சத்திரமும் அதை ஒட்டின நட்சத்திரக் கூட்டமும் உச்சிக்குப் பக்கம் வந்துடும். போன வருஷம் அந்த நேரத்துல பிள்ளைங்க மண்டபத்து ஓரத்துல போனைப் பார்த்துட்டு இருந்தாங்க, பாதிப் பேர் வீட்டுக்கே போயிட்டாங்க. தான் அறுத்து, தான் சாயம் அடிச்ச குழாய்னா எந்தப் பிள்ளையும் போகாது. வாங்கி வச்ச பளபளப்பை நாலு நாள்ல மறந்துடும்.

உபயகார அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். உங்க காசு வீணாக வேணாம். நல்ல கண்வில்லை ரெண்டு வாங்கிக் கொடுங்க, பிள்ளைங்க பார்க்கப் போறது அது வழியாத்தான். முதல் தரிசனம் உங்களுக்கே.

வர்ற சனிக்கிழமை காலை 9 மணிக்கு மண்டபத்துல வார்னிஷ் வேலை. பழைய சட்டை போட்டுப் பிள்ளைங்களை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை.