படம் கீறுபவருக்கும் கூலி உண்டு

எமது இல்லங்களில் ஒரு நல்ல காரியம் நடைபெறுவதாயின் மண்டபத்துக்கு மாதக்கணக்கில் முன்னரே பணம் கட்டிவிடுகிறோம். சமையற்காரருக்கு முற்பணம் கொடுக்கிறோம். வீடியோ எடுப்பவருடன் விலை பேசி முடிக்கிறோம். ஆனால் மேடையின் பின்திரையை வரைபவரிடம் மட்டும், "தம்பி எங்கட பிள்ளைதானே, காசைப் பிறகு பாப்பம்" என்று கூறிவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை.

அண்மையில் இருவர் ஒரு பிணக்குடன் எம்மிடம் வந்தனர். ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்து, 31 ஆம் நாள் நினைவுக்கென உருவப்படம் வரைவித்தவர். மற்றவர் அதனை வரைந்த இளைஞர். படம் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே என இளைஞர் எண்ணியிருந்தார். குடும்பத்தினரோ அதனைக் கல்வெட்டின் அட்டையில் அச்சிட்டதுடன், ஊர்ச் சங்கத்தின் நாட்காட்டிக்கும் கொடுத்துவிட்டனர். கையொப்பம் இருந்த மூலை அச்சில் வெட்டுண்டு போயிற்று. பேசிய கூலியிற் பாதி இன்னும் நிலுவையில் இருந்தது.

குடும்பத்தினரின் மனக்குறையும் சிறியதன்று. படம் வந்து சேர்ந்தது முதல் நாள் இரவில். தந்தையாரின் முகச்சாயல் சரியில்லை என்று திருத்தக் கேட்டபோது மேலதிகப் பணம் கேட்கப்பட்டதாம். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் இருவர் கையிலும் எழுத்தில் ஒரு வரியேனும் இருக்கவில்லை.

இத்தகைய பிணக்கு எமக்கு மட்டும் உரியதன்று. 1967 இல் கனடாவின் தேசியக் கலைக்கூடம், ஓவியர்களின் படைப்புகளைக் கட்டணமின்றிப் பிரதிசெய்ய அவர்களிடம் அனுமதி கோரியது. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் வாழ்ந்த ஓவியர் ஜக் சேம்பர்ஸ் அதற்கு இணங்க மறுத்தார். மறுத்ததோடு நில்லாது சக ஓவியர்களையும் திரட்டினார். அதன் பயனாக 1968 இல் தோன்றியதே கார்பாக் என்னும் ஓவியர் அமைப்பு. காட்சிக்கும் பிரதிக்கும் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கட்டணங்களின் பட்டியலை அவ்வமைப்பு வெளியிட்டு வருகின்றது. விற்பனைக்கோ வாடகைக்கோ அல்லாது ஒரு படைப்பைப் பொதுவிடத்திற் காட்சிக்கு வைப்பதற்கும் ஓவியரின் அனுமதி வேண்டும் என்பது 1988 இல் சட்டமாயிற்று. அவ்வாண்டு ஜூன் 7 ஆம் திகதிக்குப் பின்னர் ஆக்கப்பட்ட படைப்புகளுக்கு அது பொருந்தும்.

ரொறன்ரோவில் வாழ்வோர் ஈற்றன் சென்ரரின் கூரையின்கீழ் பறக்கும் வாத்துக் கூட்டத்தைக் கண்டிருப்பர். அது மைக்கல் ஸ்னோ என்னும் கலைஞரின் படைப்பு. நத்தார் அலங்காரத்துக்காக அவ்வாத்துகளின் கழுத்தில் நிர்வாகத்தினர் சிவப்பு நாடா கட்டினர். காசு கொடுத்து வாங்கிய பொருளை அலங்கரிக்க எமக்கு உரிமையில்லையா என்பது அவர்கள் எண்ணம். கலைஞர் நீதிமன்றம் சென்றார். 1982 இல் நாடாக்களை அகற்றுமாறு தீர்ப்பாயிற்று. பொருளை விலைக்கு வாங்கலாம். ஆக்கியோனின் மதிப்பைச் சிதைக்கும் உரிமையை அவ்விலை தந்துவிடாது என்பதே அத்தீர்ப்பு எமக்குக் கற்பிக்கும் பாடம்.

இந்நாட்டுச் சட்டத்தின்படி படத்தை வாங்குவது வேறு, அதன் பதிப்புரிமையை வாங்குவது வேறு. பதிப்புரிமையைக் கைமாற்றுவதாயின் அது எழுத்திலும் கையொப்பத்துடனும் இருத்தல் வேண்டும். முன்னர், பணம் கொடுத்து வரைவித்த உருவப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வரைவித்தவரே பதிப்புரிமையாளராகக் கருதப்பட்டார். 2012 நவம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. அதன்பின் வரைவித்த படங்களுக்கு, எழுத்தில் மாறாக எதுவும் இல்லையேல், ஓவியரே உரிமையாளர். ஆகவே எழுதி வைப்பது ஓவியருக்கு மட்டும் நன்மை தருவதன்று. தந்தையின் முகம் ஓவியரின் விளம்பரத்தில் வரக்கூடாது என்று விரும்பும் குடும்பத்துக்கும் அவ்வெழுத்தே காவல்.

இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. ஒரு தாள் போதும். படத்தின் அளவு என்ன, எந்த வண்ணத்தில், எத்தனையாம் திகதிக்குள் என்று முதலில் எழுதுங்கள். முழுக்கூலி எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்பதையும் குறியுங்கள். எத்தனை தடவை திருத்தம் கூலிக்குள் அடங்கும், அதற்கு மேற்பட்டால் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுங்கள். வீட்டுச் சுவருக்கா, கல்வெட்டுக்கா, நாட்காட்டிக்கா என ஒவ்வொரு பயனையும் தனித்தனியே எழுதுங்கள். பெயர் எவ்விடத்தில் வரும், வேலை இடைநடுவில் நின்றால் முற்பணம் என்னாகும் என்பவற்றையும் சேர்த்து, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியர்களுக்கும் ஒரு வார்த்தை. முடியாத திகதியை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதிரிக் கோட்டுப்படத்தை முதலிற் காட்டி, முகச்சாயலுக்குக் குடும்பத்தின் சம்மதம் பெற்ற பின்னரே வண்ணம் தீட்டுங்கள். மற்றொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைவதாயின் அவருக்கும் உரிமை உண்டு என்பதை மறவாதீர்கள். பணம் பெற்றதற்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

எமது சங்கங்களிடமும் ஆலயங்களிடமும் ஒன்று கேட்கிறோம். தொண்டாகச் செய்யும் ஓவியர்கள் பலர் உள்ளனர். அது அவர்தம் பெருந்தன்மை. ஆனால் தொண்டு என்பது அவராக விரும்பிக் கொடுப்பது. நாம் முகத்தாட்சணியத்தைக் காட்டிப் பறிப்பதன்று. தொண்டாயினும் பெயரைப் போடுங்கள். பின்திரையை அடுத்த ஆண்டும் பயன்படுத்துவதாயின் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எம்மிடம் வந்த இருவரும் ஒருவாறு இணங்கிச் சென்றனர். நிலுவை கொடுக்கப்பட்டது, முகச்சாயலைக் கூலியின்றித் திருத்தித் தர இளைஞர் ஒப்புக்கொண்டார். ஆனால் அச்சிட்ட நாட்காட்டியில் பெயரைச் சேர்க்க வழியில்லை. அது இவ்வாண்டு முழுவதும் பல வீடுகளில் பெயரின்றியே தொங்கும்.

ஊரில் இருந்த புகைப்படப் பெட்டிகளை இழந்து வந்த எம்மில் பலருக்கு, பெற்றோரின் முகம் இன்று ஓர் ஓவியரின் கையால்தான் மீண்டும் கிடைக்கின்றது. அந்தக் கைக்கு உரியதைக் கொடுக்க ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.