கூடையைத் தூக்கிப் பாராத ஆய்வு

பண்டு பொதினி எனப்பட்ட பழனிமலையில் அகவை முதிர்ந்த ஒருவர் மூங்கிற்கூடை முடையக் கற்க விழைந்தால், அவர் முதற்கண் கற்க வேண்டுவது படிவம் நிரப்புதலே ஆகும்.

மூங்கில் புல்லினம். ஆங்கிலேயர் 1927-இல் இயற்றிய காட்டுச் சட்டமோ அதனை மரம் என்றது. காட்டிற்குப் புறத்தே வளரும் மூங்கிலை அத்தளையினின்று விடுவிக்கத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்து 2017 வரவேண்டியிருந்தது. காட்டினுள் வளர்வதைத் திரட்டவும் விற்கவும் பளியர் முதலான மலைமக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம் உரிமை தந்துள்ளது. ஆயினும் அவ்வுரிமையை நிலைநாட்ட ஊரவை, கோட்டக்குழு, மாவட்டக்குழு என மூன்று படிகள் ஏறல் வேண்டும்!

நடுவணரசு 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தை நோக்குக. பெயரிலே வடமொழி, உள்ளே குலத்தொழில் நாற்றம். அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாள். நாளொன்றுக்கு 500 உருபா. பதிவுக்கோ விரல்வரியும் மூன்றடுக்கு ஆய்வும். மூங்கில் வகிர்ந்து வகிர்ந்து வரி தேய்ந்த விரலைப் பொறி ஏற்க மறுப்பின், கைவினைஞனின் கையே அவனுக்குச் சான்றாகாது போம். தமிழக அரசு 2024 நவம்பரில் அத்திட்டத்தை மறுத்ததும், குல வரம்பின்றி 35 அகவை நிரம்பியோர்க்கெனத் தனித்திட்டம் ஒன்றை 2025 ஏப்பிரலில் தொடங்கியதும் பாராட்டற்குரியன. எனினும் அதுவும் பெரிதும் கடன் திட்டமே. கடனைக் கணக்கர் அளப்பார். கைத்திறத்தை யார் அளப்பார்?

கணு பார்த்து வெட்டுதல், வகிர்தல், சீவுதல், முடைதல், விளிம்பு கட்டுதல் ஆகிய யாவும் மூத்தோர் அருகிருந்து மெல்லக் கையேறுவன. ஏழு நாளில் கைக்கு வருவது சான்றிதழே. ஆய்வுக்கு வருவோர் வருகைப் பதிவேட்டையும் ஒளிப்படத்தையும் எண்ணுவர். கூடையைத் தூக்கிப் பாரார்.

இவ்வினை நின்றால் முறம், சுளகு, புட்டில், குதிர் என்னும் சொற்களும் அகரமுதலிக்குள் அடக்கமாகும். மூங்கிலுக்கு வேய், கழை, அமை, முந்தூழ் என இத்துணைப் பெயர் வைத்த இனம், 'பேம்பூ கிராஃப்ட்' என்று பலகை எழுதிக் கற்பதா?

ஊரவை தெரிந்தெடுக்கும் முதிய கைவினைஞரே ஆசானாகவும் தேர்வாளராகவும் அமைதல் வேண்டும். பயிற்சி ஆறு திங்களேனும் நீளல் வேண்டும். பயிலும் மூங்கிலுக்குத் தனி இசைவு கேட்டலாகாது. பதிவேடு ஒன்று போதும். அதுவும் தமிழில், வினைச்சொற்களோடு. கொடைக்கானல் வட்டத்துச் சிற்றூர்களில் உள்ள தமிழன்பர்கள் மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் ஊரவைகளில் இவற்றை எழுத்தில் முன்வைத்து, முடிவாக நிறைவேற்றித் தருக.