வெளியில் காட்டும் ஆயுதம் யாருக்குக் காவல்?

தென்மாவட்டங்களில் பட்டப்பகலில் ஒரு கொலை விழுந்தால், மறுநாளே டீக்கடை பெஞ்சிலும் முகநூலிலும் ஒரு வாதம் கிளம்பிவிடுகிறது. போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, கோர்ட்டில் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது, ஆகவே நமக்கு நாமே காவல் என்கிறார்கள். கேட்டவருக்கெல்லாம் துப்பாக்கி உரிமம் கொடுத்து, அதை ஊரறிய இடுப்பில் தொங்கவிட அனுமதித்தால் எவன் நெருங்குவான் என்கிறார்கள். அமெரிக்காவில் கடைவீதிக்கே துப்பாக்கியோடு வருகிறார்களே என்று சான்றும் காட்டுகிறார்கள். உசிலம்பட்டி வட்டாரத்தில் இந்த வாதத்துக்குக் கூடுதலாக இரண்டு முட்டுகள் கிடைக்கின்றன: ஆயுதம் நம் பாட்டன் முப்பாட்டன் வழக்கம் என்பது ஒன்று, வெள்ளைக்காரன் பறித்ததைத் திரும்பக் கேட்பதில் என்ன தவறு என்பது இன்னொன்று. பயத்தில் பிறந்த வாதம் இது. அந்தப் பயம் பொய்யானதும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. பொது இடத்தில் காட்டப்படும் ஆயுதம் வைத்திருப்பவரைக் காப்பதை விடச் சுற்றியிருப்பவர்களை அடக்குவதுதான் அதிகம். அதன் விலையை முதலில் கொடுப்பவர்கள், ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிற மக்கள்.

முதலில் மரபு என்ற வாதம். மதுரைக்கு மேற்கே காவல்முறை இருந்தது உண்மை. வளரியும் வேலும் கம்பும் ஏந்திய காவல்காரர்கள் ஊரையும் களத்துமேட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் காத்தார்கள். ஊர் அவர்களுக்குக் காவல்கூலி அளந்தது. மரபு பேசுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காவலில் இருக்கும்போது பொருள் களவு போனால் அதை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் காவல்காரரே ஈடுகட்ட வேண்டும் என்பது அந்த முறையின் மறுபாதி. யாருக்காக ஆயுதம் ஏந்துகிறோம், தவறினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஏந்தியவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்தப் பொறுப்பு தளர்ந்த இடங்களில் காவல்கூலி மிரட்டிப் பிடுங்கும் வசூலாக மாறியது. 1896இல் திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் காவல்முறைக்கு எதிராகவே திரண்டன. பதில் சொல்லக் கடமைப்பட்ட கையில்கூட ஆயுதம் இப்படித் திரும்பியதென்றால், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத தனியார் இடுப்பில் அது என்னவாகும் என்பதற்கு மரபே சாட்சி சொல்லிவிட்டது.

மரபு இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. இந்த வட்டாரத்துக் கிராமங்களில் அரிவாள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிவிஎஸ் 50இன் பின்னால் ஏற்றிய புல்லுக்கட்டில் கருக்கரிவாள் செருகியிருக்கும். இளநீர் வண்டிக்காரர் கையில் வளைந்த அரிவாள் நாள் முழுக்க இருக்கும். அதைப் பார்த்து யாரும் ஒதுங்கிப் போவதில்லை. அதே தெருவில் ஒருவன் சட்டைக்குப் பின்னாலிருந்து வீச்சரிவாளை உருவிக் காட்டினால் கடைகள் ஷட்டரை இறக்குகின்றன. இரும்பு ஒன்றுதான், ஒன்று வேலைக்கு வந்தது, மற்றது பார்ப்பவரைப் பயமுறுத்த வந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழான விதிகளும் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கின்றன. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுக்கருவிகளைப் பட்டியலிடும்போது, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றை அவை விலக்கிவைக்கின்றன. கருப்பசாமி கோயில்களில் நேர்ந்துகொண்டு அரிவாள் சாத்துகிற வழக்கத்தையும் மரபு பேசுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆளுயர அரிவாளைச் செய்துகொண்டுபோய்ச் சாமியிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதுதான் அந்த நேர்த்திக்கடன். தண்டிக்கும் உரிமை தனக்கில்லை, தனக்கு மேலே ஒன்றிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை, ஆயுதத்தோடு தெருவில் திரிவதற்கு ஆதாரமாகக் காட்டுவது அந்தச் சாமிக்கும் நியாயம் செய்வதாகாது.

வெள்ளைக்காரன் பறித்ததைத் திரும்பக் கேட்கிறோம் என்ற இரண்டாவது வாதம் கனமானது. அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு 1801 டிசம்பரில் கம்பெனி அரசு தென்சீமையில் ஆயுதங்களுக்குத் தடை போட்டது. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியர்களிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. 1911இல் சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. ரேகைச் சட்டம் என்று இந்த வட்டாரத்து முதியவர்கள் இன்றும் சொல்லும் அந்தச் சட்டம், பிறந்த குற்றத்துக்காகவே பிரமலைக் கள்ளர்களைக் கைரேகை வைக்கச் சொன்னது, இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்கச் சொன்னது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். அன்றைக்கு ஊரார் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்பவர்களின் ஆற்றாமை புரிகிறது. ஆனால் அன்று இன்னும் நான்கு துப்பாக்கிகள் இருந்திருந்தால் பிணங்கள் பெருகியிருக்கும், அரசுக்கு இன்னும் வசதியான காரணமும் கிடைத்திருக்கும். அந்தச் சட்டத்தைக் கடைசியில் வீழ்த்தியது எது? மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்த மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் நீதிமன்றத்தில் நடத்திய வழக்குகள், முத்துராமலிங்கத் தேவரும் மற்ற தலைவர்களும் ஊர் ஊராகத் திரட்டிய எதிர்ப்பு, மனுக்கள், சட்டமன்றம். 1947இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது.

பெருங்காமநல்லூரிலிருந்து கற்க வேண்டிய பாடம் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒருவர் கையில் உள்ள ஆயுதம் கௌரவமா குற்றமா என்பதை, பார்க்கிறவர்கள் அவர் பிறப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆயுதம் ஏந்துவதை அரசியல் சட்ட உரிமையாகக் கொண்டாடும் அமெரிக்காவிலேயே இது நடந்தது. 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள், அன்றைய சட்டம் அனுமதித்தபடியே, கையில் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடைசெய்யும் சட்டம் அங்கே நிறைவேறியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். இந்த உரிமை நாளை நம் ஊருக்கு வந்தால், பெரிய வீட்டுப் பிள்ளையின் இடுப்பில் இருப்பது அந்தஸ்து ஆகும், காலனிப் பையனின் இடுப்பில் இருப்பது வழக்கு ஆகும். ரேகைச் சட்டத்தின் வடு சுமக்கும் மக்கள், தங்களைப் பற்றிய பழைய முத்திரையை மீண்டும் குத்துவதற்கு அரசின் கையில் மையைக் கொடுக்கலாமா?

மூன்றாவது வாதம், ஆயுதம் தெரிந்தால் எதிரி அஞ்சுவான் என்பது. இது உண்மையானால் தென்மாவட்டங்களின் பழிக்குப் பழிக் கொலைகள் என்றோ நின்றிருக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் வருகிற இரண்டு தரப்பிடமும் ஆயுதம் உண்டு. இருப்பது இருவருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் பின்வாங்கவில்லை, முந்திக்கொண்டார்கள். எதிராளி ஆயுதத்தோடு திரிகிறான் என்று தெரிந்தவன் அவன் கை இடுப்புக்குப் போகும் வரை காத்திருப்பதில்லை. நாள்கணக்கில் நோட்டம் விடுகிறான், டீ குடிக்கும் நேரத்தையும் கோயிலுக்குப் போகும் வழியையும் குறித்துக்கொள்கிறான், நான்கைந்து பேராகப் பைக்கில் வந்து பின்னாலிருந்து வெட்டுகிறான். அந்தச் சில விநாடிகளில் இடுப்புத் துப்பாக்கி எடுபடாது. கொன்றவன் கைக்கே அது போய்ச் சேரவும் கூடும்.

அமெரிக்காவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2016 ஜூலை 7 அன்று டல்லாஸ் நகரில் ஓர் ஊர்வலத்தின்போது ஒருவன் மறைந்திருந்து சுட்டு ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றான். வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தலாம் என்ற டெக்சாஸ் சட்டத்தின்படி ஊர்வலத்திலேயே பலர் நீளத் துப்பாக்கியோடு வந்திருந்தார்கள். அவர்களில் யாரும் கொலையாளியைத் தடுக்கவில்லை. மாறாக, யார் எதிரி என்று பிரித்தறிய முடியாமல் போலீஸ் திணறியது. துப்பாக்கியோடு வந்திருந்த நிரபராதி ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று வெளியிட்டுவிட்டுப் பிறகு விடுவித்தது. 2021 ஜூனில் கொலராடோ மாநிலத்தின் அர்வாடா ஊரில், போலீஸ்காரரைக் கொன்றவனைத் தன் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய பொதுமகன் ஒருவரை, அடுத்து வந்த போலீஸ்காரர் கொலையாளி என்று எண்ணிச் சுட்டுக் கொன்றுவிட்டார். துணிச்சலாக நல்லது செய்த மனிதரின் முடிவு அது. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டே ஊர்ப் பள்ளியில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, பயிற்சி பெற்ற ஆயுதப் போலீஸ்காரர்களே ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள். கையில் துப்பாக்கி இருப்பதும் ஆபத்தை நிறுத்தும் திறன் இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதை விடக் கொடிய சான்று தேவையில்லை.

சட்டம் நல்லவர்களின் கையைக் கட்டிப்போட்டு ரவுடிகளை விட்டுவைக்கிறது என்பது நான்காவது வாதம். கள்ளத் துப்பாக்கி புழங்குவது உண்மை. இந்தியாவின் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற துப்பாக்கியால் நடப்பவை. ஆனால் உரிமங்களைப் பெருக்கினால் கள்ளத் துப்பாக்கி அடங்குமா? 2016 இறுதியில் நாடெங்கும் இருந்த சுமார் 33.7 லட்சம் உரிமங்களில் ஏறத்தாழ 12.8 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் ஒரு லட்சம்கூட இல்லை. உரிமத் துப்பாக்கியில் முதலிடம் பிடித்த மாநிலம் ‘கட்டா’ எனப்படும் நாட்டுத் துப்பாக்கிக்கும் பேர்போனது. துப்பாக்கி பெருமைக்குரிய பொருளாக மாறிய இடத்தில், உரிமம் கிடைத்தவர் உரிமத்தோடும் கிடைக்காதவர் கள்ளத்தனமாகவும் வாங்குகிறார்கள். பெருமைக்காகத் தூக்கியது பெருமைக்காகவே வெடிக்கிறது. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் ஒரு கல்யாண வீட்டில், கொண்டாட்டத்துக்குச் சுட்ட குண்டு மேடையில் ஆடிக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண்ணின் உயிரைப் பறித்தது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமத் துப்பாக்கியைக்கூடப் பொது இடத்தில் உறைக்குள் முழுக்க மூடியே கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன. விழாக்களில் தூக்கிக் காட்டுவதைத் தடைசெய்கின்றன. 2019இல் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டச் சூட்டுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்றார்கள். பட்டு அனுபவித்த மாநிலங்களின் கதையிலிருந்து வந்த விதிகள் இவை. அவற்றைத் தளர்த்தச் சொல்பவர்கள் எந்த ஊரின் நல்ல அனுபவத்தைக் காட்டப் போகிறார்கள்?

இனி, மிச்சமிருக்கும் நேர்மையான கேள்வி: நிஜமாகவே உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர் போலீஸ் வரும் வரை என்ன செய்வார்? 1997 ஜூன் 30 அன்று மேலூர் பக்கத்தில் பேருந்தை மறித்து மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். தனக்கு ஆபத்து இருப்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். அவருக்கு இல்லாமல் போனது துப்பாக்கி என்பதை விட, அவரைக் காக்கும் கடமை கொண்ட அரசின் அக்கறை என்பதே சரி. இதன் மறுபக்கத்தை உசிலம்பட்டிக்கு அருகிலேயே பார்க்கலாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 தொடங்கிப் பத்து ஆண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. நின்றால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம், விடமாட்டோம் என்ற பிடிவாதம் மறுபக்கம். 2006இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர்ப் பெரியவர்களோடு மீண்டும் மீண்டும் உட்கார்ந்து பேசினார், அரசு உறுதியாக நின்றது, வேட்பாளர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அந்த அக்டோபரில் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். இரு தரப்புக்கும் துப்பாக்கி கொடுத்திருந்தால் அந்தத் தேர்தல் நடந்திருக்குமா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

அச்சுறுத்தல் உள்ளவருக்கு இன்றும் சட்டப்படி உரிமம் கேட்க வழி உண்டு. போலீஸ் பாதுகாப்புக் கேட்கவும் வழி உண்டு. அவை தாமதமாகின்றன, செல்வாக்கு உள்ளவருக்கே எளிதில் கிடைக்கின்றன என்ற குறை நியாயமானது. அந்தக் குறையைத்தான் நாம் கையில் எடுக்க வேண்டும். கொலை மிரட்டல் என்று புகார் கொடுத்தவரை ஸ்டேஷனில் அலைக்கழிக்காமல் அன்றே வழக்குப் பதிய வேண்டும். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும். கொலை வழக்குகள் பழிவாங்கும் ஆசை முற்றுவதற்கு முன்பே தீர்ப்பை எட்ட வேண்டும். அரிவாளைத் தூக்கிக் காட்டும் ஃபிளெக்ஸும் ரீல்ஸும் எந்தச் சாதிக்காரருடையதானாலும் ஒரே அளவுகோலில் நடவடிக்கைக்கு வர வேண்டும். இவற்றைக் கேட்டுத் தெருவில் இறங்குவது, துப்பாக்கி கேட்டு மனுக் கொடுப்பதை விடக் கடினம். பலன் எல்லோருக்கும் கிடைப்பதால் ஒருவருக்கென்று பெருமையும் மிஞ்சாது. இருந்தும், பெருங்காமநல்லூருக்குப் பிறகு 27 ஆண்டுகள் இந்த மக்கள் நடந்து, வென்று காட்டிய வழி அதுதான். பாதுகாப்பு என்பது கூட்டாகக் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. தனித்தனியே இடுப்பில் செருகிக்கொண்டால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஆபத்தாகிவிடுவோம்.