கார்பரேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி, கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கொடுங்க

உங்க வீட்டிலயும் ஒண்ணு நிக்கலாம். அப்பா வாங்கின மாருதி 800, 2000-க்கு முந்தைய கார்பரேட்டர் மாடல். இல்லேன்னா ஓட்டிப் பழகுறதுக்காக 50,000 ரூபாய்க்கு நீங்களே வாங்கினதா இருக்கலாம். பானட்டைத் திறந்தா பெட்ரோல் வாசனை. சூடான எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பின்னாடி கறுப்புப் புகை. மெக்கானிக் எட்டிப் பார்த்துட்டு, "கார்பரேட்டர் போச்சு சார், மாத்திடலாம்"னு சொல்வார். அந்த இடத்துல பர்ஸை எடுக்காதீங்க.

நான் எடுத்தேன். எங்க அப்பாவோட 1997 மாடல் வண்டிக்கு 7,500 ரூபாய் கொடுத்து ஒரு 'ரீகண்டிஷன்' கார்பரேட்டர் போட்டேன். மூணே வாரத்துல அதே வாசனை. கம்பெனிக்காரங்ககிட்ட ஒவ்வொரு செலவுக்கும் ஆதாரம் கேட்கிற சிஏ, சொந்த வண்டிக்கு "எதனால?"ன்னு ஒரு கேள்விகூட கேட்கலை.

விஷயம் ரொம்ப எளிமையானது. மொட்டை மாடி தண்ணி டேங்க்ல பந்து வால்வ் இருக்குமே, அதேதான். கார்பரேட்டருக்குள்ள ஒரு சின்ன அறை, அதுல ஒரு ஃப்ளோட் மிதக்கும். பெட்ரோல் ஏறினா ஃப்ளோட் மேல வந்து நீடில் வால்வை மூடணும். மூடலைன்னா நிரம்பி வழியும். மூடாம போக நாலஞ்சு காரணம் இருக்கு. நீடில் முனை தேய்ஞ்சிருக்கலாம். டேங்க்ல இருந்து வந்த துரு நடுவுல சிக்கியிருக்கலாம். ஃப்ளோட் ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்து மிதக்காம போயிருக்கலாம். ரிட்டர்ன் லைன் அடைச்சோ, யாரோ அதிக பிரஷர் உள்ள எலெக்ட்ரிக் பம்ப்பை மாட்டினதாலயோ, நல்ல வால்வையே பெட்ரோல் தள்ளித் திறக்கலாம். கடைசி ரெண்டும் காரணம்னா, புது கார்பரேட்டர் போட்டாலும் வழியத்தான் செய்யும்.

கறுப்புப் புகைன்னாலே கார்பரேட்டர் வழியுதுன்னு அர்த்தம் இல்லைங்க. டாஷ்போர்டுல சோக் குமிழ் முழுசா உள்ளே போயிருக்கா, கேபிள் சிக்கியிருக்கான்னு முதல்ல பாருங்க. ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் புகை வரும். அடுத்து, ஈரம் எங்கேன்னு பாருங்க. ஹோஸ் முனையிலயோ கிளாம்ப் கிட்டயோன்னா அது வேற கசிவு, சின்ன செலவு. வெளியில எங்கேயும் ஈரம் இல்லேன்னா, மெக்கானிக்கை ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, ஐடிலிங்ல உள்ளே பார்க்கச் சொல்லுங்க. மெயின் நாஸில்ல இருந்து பெட்ரோல் சொட்டக்கூடாது. சொட்டினா அறை நிரம்பி வழியுது. பல மாடல்ல பெட்ரோல் மட்டம் பார்க்க சின்னக் கண்ணாடி ஜன்னலும் இருக்கும். ஃப்ளோட்டைக் கழட்டிக் காதுகிட்ட ஆட்டிப் பார்த்தா, ஓட்டையா இருந்தா உள்ளே பெட்ரோல் குலுங்குறது கேட்கும்.

இதையெல்லாம் மூடின பேஸ்மென்ட் பார்க்கிங்ல செய்யாதீங்க. பக்கத்துல சிகரெட், பொறி எதுவும் கூடாது. சூடான எஞ்சின் மேல பெட்ரோல் வழியிற வண்டியை "ஒர்க்‌ஷாப் வரைக்கும்தானே"ன்னு ஓட்டவும் வேணாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்க, இல்லேன்னா டோ பண்ணுங்க. அந்தச் செலவுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

என் வண்டியில காரணம் என்னன்னா, டேங்க் துரு. ரெண்டாவது பார்த்த மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து கண்டுபிடிச்சார். நீடில் வால்வ் செட், பெட்ரோல் ஃபில்டர், டேங்க் கழுவினது, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். ஆயில் எதுக்குன்னா, வழிஞ்ச பெட்ரோல் சிலிண்டர் வழியா இறங்கி ஆயிலோட கலந்திருந்தது. டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தா பெட்ரோல் வாசனை. அப்படியே ஓட்டியிருந்தா எஞ்சின் வேலையே வந்திருக்கும்.

"அப்புறம் பார்த்துக்கலாம்"னு இருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டுறீங்க. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 11 கொடுக்குதுன்னா, மாசம் 17 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலே 1,700 ரூபாய். ரெண்டே மாசத்துல என் ரிப்பேர் செலவு வந்துடும்.

இப்ப சிலருக்குப் பிடிக்காத ஒண்ணு சொல்றேன். முதல் மெக்கானிக் மேல எனக்குப் பெரிய கோபம் இல்லை. 600 ரூபாய் கூலி கேட்டா, "பார்க்கிறதுக்கு இவ்வளவா?"ன்னு பேரம் பேசுறோம். 7,500 ரூபாய் பார்ட்டுக்குப் பேசாம ஜிபே பண்றோம். அப்போ அவருக்கு எதுல லாபம்? பழுதைத் தேடுறதுலயா, பார்ட் மாத்துறதுலயா? அதனால, "கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா 500 ரூபாய் தர்றேன், பழுதான பாகத்தைக் கையில காட்டுங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. ஒர்க்‌ஷாப்ல நான் கொடுத்ததுலயே உருப்படியான காசு அதுதான்.

"பழசுதானே, வித்துடு"ங்கிற அறிவுரையும் வரும். விக்கலாம், ஆனா 3,000 ரூபாய் ரிப்பேரைக் காரணமா வெச்சு இல்லை. கேட்க வேண்டிய கணக்கு வேற: 20 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ரூபாய். அதோட இன்ஷூரன்ஸ், டயர். இதெல்லாம் போட்டுப் பார்த்தும் அந்த வண்டி உங்களுக்கு வேணுமா? எனக்கு வேணும்னு தோணிச்சு, வெச்சிருக்கேன். அதுல பாதி சென்டிமென்ட்தான், ஒத்துக்கறேன்.

வெச்சுக்கிறதா இருந்தா, பங்க்ல இப்ப கிடைக்கிறது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் பாகங்கள் அதுக்காகச் செஞ்சது இல்லை. கார்பரேட்டரைத் திறக்கிற அன்னைக்கே ஹோஸையும் கேஸ்கெட்டையும் எத்தனால் தாங்குற ரகமா கேட்டு மாத்திடுங்க. பில்லுல அந்த ஹோஸ் பேரை எழுதி வாங்கிக்கோங்க.