வானம் பாத்து வெட்டு!

திராட்சை அறுவடைன்னதும் கூடை, பாட்டு, ஆட்டம்னு சினிமா மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டுத்தான், கம்பம் பக்கத்துல சுருளிப்பட்டியில இருக்கிற ரூம்மேட் வீட்டுக்குப் போனேன். ஏமாந்துட்டேன் பாஸ்! தோட்டத்துல ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இல்லை. எல்லாரும் அண்ணாந்து மேகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

விஷயம் இதுதான். கவாத்து பண்ணி 110, 120 நாள்ல பன்னீர் திராட்சை வெட்டுக்கு வந்துடும். மத்த ஊர்ல ஜனவரி டு ஏப்ரல்தான் சீஸன். கம்பம் பள்ளத்தாக்குல வருஷம் முழுக்க உண்டு. 2023-ல புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு. ஆனா, பழுத்த நேரத்துல மழை பிடிச்சா பழம் தண்ணியை உறிஞ்சி வெடிச்சிடும். நாலு பழம் வெடிச்சா, கொத்தே அழுகல்.

அது தெரிஞ்சுதான் வியாபாரி கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைச்சுக் கேட்டார். ''ரெண்டு நாள் விட்டா இன்னும் இனிப்பு ஏறும்''னார் நண்பனோட அப்பா. ''மழை வந்தா?''ன்னாங்க அம்மா. அவ்வளவுதான் மீட்டிங்! விடியக்காலையிலேயே கத்தரியோட பந்தலுக்குள்ள இறங்கிட்டோம்.

அண்ணாந்தே வெட்டுனதுல எனக்குக் கழுத்து போச்சு. காம்பைப் பிடிச்சுத்தான் வெட்டணுமாம். பழத்துல கை பட்டா மேல இருக்கிற சாம்பல் பூச்சு அழிஞ்சிடும், பழம் பழசு மாதிரி தெரியும். நான் வெட்டுன கொத்தையெல்லாம் தனியா எடுத்துவெச்ச அம்மா, ''தம்பி, இதை நீயே சாப்பிட்டுருப்பா''ன்னாங்க. (சாப்பிட்டேன். சூப்பர்!)

ஒன்பது மணிக்கு லோடு கிளம்பிடுச்சு. அன்னிக்கு மழை வரவே இல்லை. சாயங்காலம் வரைக்கும் அப்பா வானத்தைப் பாக்கவும் இல்லை.