கடலுக்கு எதுகை யாது?

ஆங்கிலத்தில் 'லவ்' என்பது எளிய சொல். பாட்டெழுதப் புகும் எவரும் அதனைத் தவிர்த்தல் அரிது. ஆயினும் அச்சொல்லோடு முற்றாக ஒலியொத்து அடியிறுதியில் நிற்கவல்ல சொற்களை எண்ணத் தொடங்கினால் ஒரு கையின் விரல்களே பெரிதும் போதும். புறாவைக் குறிக்கும் 'டவ்', கையுறையைக் குறிக்கும் 'கிளவ்', மேலே எனப் பொருள்தரும் 'அபவ்', தள்ளுதலைக் குறிக்கும் 'ஷவ்' என்ற அளவில் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும். ஆங்கிலக் காதற்பாட்டுகளில் புறாக்கள் அத்துணை மிகுதியாகப் பறப்பதற்கு அப்பறவையின் அழகு மட்டுமே காரணமன்று என்க.

சொல் குறைந்தவிடத்து அம்மொழிப் புலவர் என் செய்தனர்? ஏறத்தாழ ஒத்ததனையும் ஏற்றுக்கொண்டனர். 1609இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் பதினான்கடிப் பாட்டுகளுள் 116ஆவதன் இறுதி அடிகள் இரண்டும் 'புரூவ்ட்', 'லவ்ட்' என முடிகின்றன. எழுத்தில் ஒத்த இவை இன்றைய உச்சரிப்பில் ஒவ்வா. அக்காலத்தில் அவ்விரண்டும் இன்றினும் நெருங்கி ஒலித்தன என்பர் மொழிநூலார். ஒலி விலகிய பின்னரும் பாட்டு நின்றது. அதனைப் பிழையென்று அடித்தவர் இலர். முதல் உலகப் போர் ஓய ஒரு கிழமையே எஞ்சியிருந்தபோது, 1918 நவம்பரில் களத்தில் மாண்ட வில்பிரட் ஓவன் என்னும் இளங்கவிஞர், மெய்யொலி ஒத்து உயிரொலி மாறும் சொற்களை வேண்டுமென்றே இணைத்துப் பாடினார். நிறைவான ஒலியின்பம் போர்க்களத்துக்குப் பொருந்தாது என்பதை அவர் செவி அறிந்திருந்தது போலும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் மறைந்தபின் 1890இல் அவர் பாட்டுகளை முதலில் அச்சிட்டோர், அவருடைய அரைகுறை இயைபுகளிற் சிலவற்றைத் 'திருத்தி' வெளியிட்டனர். 1955இல் வந்த பதிப்பு அத்திருத்தங்களை நீக்கி அவர் எழுதியவாறே தந்தது. இன்று கற்போர் படிப்பது அவர் எழுதியதனையே.

தமிழாசிரியர் ஒருவர் ஆங்கிலத்துக்கு இத்துணை இடந்தருவானேன் என்று வினவும் அன்பர்க்கு எம் வகுப்பறையே விடை. பாட்டெழுத விரும்பும் மாணவர் இன்று கைத்தொலைபேசியை எடுத்து 'கடல்' என்று இடுகின்றனர். பாடல், தேடல், ஊடல், கூடல் என்று சொற்கள் வந்து விழுகின்றன. "எதுகை கிடைத்துவிட்டது, ஐயா" என்கின்றனர். கிடைத்தது எதுகையன்று, இயைபு. ஆங்கிலச் செவிக்கு ஏற்ப ஆக்கப்பட்ட கருவி சொல்லின் வாலைப் பார்க்கும். தமிழ் யாப்பு முதலிற் பார்ப்பது தலையை. அடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருதல் எதுகை; அதற்கு முன்நிற்கும் எழுத்து குறிலாயின் குறிலாகவும் நெடிலாயின் நெடிலாகவும் அளவொத்திருத்தல் வேண்டும். ஆதலின் 'கடல்' என்பதற்குப் 'பாடல்' எதுகையாகாது. 'கா' முதலான நெடிலோடன்றி 'பா' இணையாது. ஆனால் படகும் அடம்பும் கடலுக்கு எதுகை. அச்சொற்கள் எங்ஙனம் முடிகின்றன என்பது பொருட்டன்று. துடுப்பும் விடியலும் அதே மெய் வேறுயிரோடு வருதலின் வருக்க எதுகையாம். முந்தலிலோ உடப்பிலோ கரையில் நின்று கண்ணாற் காண்பனவே கடலுக்கு எதுகையாக நிரம்பக் கிடக்க, ஊடலையும் கூடலையும் தேடிப் போவானேன்?

மாணவரை நோவதில் பயனில்லை. இக்கரையில் வாழும் பிள்ளையின் செவிக்கு எட்டுத்திசையிலும் இயைபே வந்து சேர்கிறது. அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளை பாடும் நான்கடிக் கவியில் நான்கடியும் ஒரே ஒலியில் முடியும்; 'எளிசமய' என்பது அதன் பெயர். புத்தளத்துப் பள்ளிவாசல்களில் ஓதப்பெறும் கஸீதாக்களில், அரபு மரபின்படி, பாட்டு முழுதும் ஒரே ஈற்றொலி தொடரும். ஆங்கிலப் பாடநூலும் திரைப்பாட்டும் அவ்வழியே. இவை யாவும் அழகுடையனவே. இயைபும் தமிழுக்கு அயலானதன்று, நம் தொடை ஐந்தனுள் ஒன்று. ஆயினும் எதுகையின் பெயரை அதற்குச் சூட்டி, எதுகையையே மறந்துவிடுதல் வேறு கதை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்னும் பெயரால் ஆங்கிலத்தில் எழுதி அந்நாட்டாரும் அறியச் செய்தார். புலவர்தம் வரலாறு கடல் தாண்டும், எதுகை தாண்டாது. அது தமிழிலேயே கேட்கப்படல் வேண்டும்.

ஒலியொத்த சொல்லைத் தேடித்தரும் நூல் மேனாட்டார்க்கே உரியது என்றும் எண்ணவேண்டா. ஜான் வாக்கர் என்பார் ஆங்கிலச் சொற்களை ஈறு நோக்கி அடுக்கிய அகராதியை 1775இல் வெளியிட்டார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குமேல் முற்பட்டவர் மண்டலபுருடர். அவர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒருசொற் பல்பொருட் பெயர்களைக் ககர எதுகை முதலாக, இரண்டாம் எழுத்தின் வரிசையில் அடுக்கிச் செல்கிறது. இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அவர்கள் வாலைப் பிடித்துச் சொல்லை அடுக்கினர். நம்மவர் தலையைப் பிடித்து அடுக்கினர். அத்தொகுதியை மனனஞ்செய்த பழைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு எதுகை தேடும் தொல்லையே இருந்திராது.

இனி, ஏறத்தாழ ஒத்தல் என்னும் செய்திக்கு வருவோம். ஆங்கிலேயர் பழகிப் பழகி ஏற்றுக்கொண்டதனை நம் இலக்கணிகள் முன்னரே வகைசெய்து பெயரிட்டு வைத்தனர். யாப்பருங்கலக் காரிகை வழிக் கற்போர் அறிவர்: சீர் முழுதும் ஒன்றின் தலையாகு எதுகை; இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றின் இடையாகு எதுகை; பிறவாறு ஒத்துவருவன கடையாகு எதுகை. கடலும் மடலும் முதல் வகை. கடலும் படகும் அடுத்த வகை. வல்லெழுத்துக்கு வேறொரு வல்லெழுத்தும், மெல்லெழுத்துக்கு மெல்லெழுத்தும், இடையெழுத்துக்கு இடையெழுத்தும் நிற்பது இன எதுகை. ய, ர, ல, ழ என்னும் ஒற்றுகளுள் ஒன்று இடையே புகுந்து நிற்பினும் ஆசிடையிட்ட எதுகை எனக் கொள்வர். மோனையிலும் இவ்வாறே: சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் உறவு. இவை கடைநிலைப் புலவர்க்குக் காட்டிய சலுகையல்ல. திருக்குறளின் 114ஆம் பாட்டில் 'தக்கார்' என்பதற்கு 'எச்சத்தால்' எதிர்நிற்கிறது. 74ஆம் பாட்டில் 'அன்பு' என்பதற்கு 'நண்பு'. 299ஆம் பாட்டில் 'எல்லா' என்பதற்குப் 'பொய்யா'. வல்லினம், மெல்லினம், இடையினம் மூன்றுக்கும் வள்ளுவரிடமே சான்றுண்டு.

இவ்வளவும் எழுத நேர்ந்ததன் காரணத்தை மறைப்பானேன்? சில ஆண்டுகளின் முன் நிகழ்ந்த கவிதைப் போட்டியொன்றில் எம் மாணவன் ஒருவன், கரைவலைத் தொழிலைப் பாடி, ஓரடியை 'வலை' என்றும் அடுத்ததனை 'மழை' என்றும் தொடங்கியிருந்தான். சிவப்பு மையால் சுழித்து, 'எதுகை பிழை' என எழுதிப் புள்ளி குறைத்தனர். லகரமும் ழகரமும் இடையெழுத்துகள்; முன்நிற்கும் எழுத்து இரண்டும் குறில். பிழை யாண்டுளது? இயைபு மட்டும் நிறைந்து எதுகையே இல்லாத வேறொரு பாட்டு அப்போட்டியில் முதலிடம் பெற்றது. அப்பாட்டின் பொருள் நன்றாகவே இருந்தது. அதற்குப் பரிசு கொடுத்ததில் எமக்கு முறைப்பாடில்லை. இவனுக்கு இட்ட சிவப்புச் சுழியில்தான் முறைப்பாடு. அதன்பின் அம்மாணவன் மரபுப் பாட்டு எழுதுவதை விட்டான்.

ஆசிரிய கலாசாலையில் யாம் பயின்ற நாளில் தொடையிலக்கணம் இரண்டு பாடவேளையில் முடிந்தது. வரைவிலக்கணமும் உதாரணமும் எழுதினோம்; செவியால் ஒருபொழுதும் கேட்டோமல்லோம். அங்ஙனம் பயின்றோரே இன்று பாட்டுக்குப் புள்ளியிடுகின்றனர். பிழை காணும் கண் கூர்மையடைந்த அளவுக்கு ஒலி கேட்கும் செவி கூர்மையடையவில்லை.

செவியைப் பற்றிப் பேசுங்கால் எம் பிள்ளைகளின் பேச்சையும் நோக்குதல் தகும். வாழையும் வாளை மீனும் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ணகரமும் னகரமும் நெருங்கிவிட்டன. இதனைக் கண்டு தமிழ் கெட்டதென்று அஞ்சுவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். ழகர ளகரங்கள் இரண்டும் இடையினம். ணகர னகரங்கள் இரண்டும் மெல்லினம். அஃதாவது, பிள்ளையின் செவி மயங்கும் இடத்திற் பெரும்பாலும் இன எதுகை அவனைத் தாங்கிக்கொள்கிறது. தாங்காத இடம் ஒன்றே: ரகரமும் றகரமும். முன்னது இடையினம், பின்னது வல்லினம். கரையும் கறையும் பேச்சில் மயங்கினும் இனத்தால் வேறு. எனவே ஆசிரியர் வருந்தி உழைக்கவேண்டிய இடம் அதுவே. எல்லாவற்றுக்கும் ஒருசேரச் சிவப்பு மை செலவிடுவது வீண்.

புதுக்கவிதை எழுதுவோர் இவற்றால் எமக்கென்ன என்பர். அவர்களோடு எமக்கு வழக்கில்லை. எதுகை வேண்டாமென்று விடுவோர் அஃது யாதென அறிந்து விடுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

உடப்புக் கரையில் வலையிழுப்போர் பாடும் அம்பாவைக் கேட்டோர் ஓர் உண்மையை உணர்வர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதனை ஏற்றுப் பாடியவாறே கயிற்றை இழுப்பர். அங்கு ஒலி அலங்காரமன்று, வேலைக் கருவி. அடியின் தலையில் ஒலி ஒத்துவரின் கூட்டத்தார் வாய் அதனைச் சட்டெனப் பற்றிக்கொள்ளும். முற்ற ஒத்ததா ஏறத்தாழ ஒத்ததா என்று நின்று ஆராய்வதற்கு மடி கடலில் காத்திராது. தலையெதுகை ஏட்டிலே பிறந்ததன்று, கூடிச் செய்யும் தொழிலிலும் கூடிப் பாடும் வழிபாட்டிலும் பிறந்ததென்றே யாம் கருதுகிறோம். அதனைக் கரும்பலகையில் மட்டும் கற்பிப்பது நீச்சலை நாற்காலியில் இருத்திக் கற்பிப்பது போலாம்.

பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். விழாவையொட்டி நூலகத்துக்கு நூல் வழங்க எண்ணுவோர் சூடாமணி நிகண்டிலும் யாப்பருங்கலக் காரிகையிலும் உரையோடு கூடிய படிகள் சில தருவராயின் மேல்வகுப்பு மாணவர்க்குப் பயன்படும். மற்றொன்று: பாடுகள் சிலவற்றில் இன்று கயிற்றை இயந்திரமே இழுக்கிறது, அங்கு அம்பாவுக்கு வேலையில்லை. பாட்டறிந்த முதியோர் உடப்பில் இன்னும் உளர். மாணவர் பத்துப்பேர் ஒரு விடுமுறையில் சென்று அவர்கள் பாடுவதை ஒலிப்பதிவு செய்து, அடிதோறும் முதற்சீரை எழுதிக்கொண்டு வந்தால், எதுகைப் பாடத்துக்கு வேண்டிய உதாரணம் முழுதும் நம் கரையிலிருந்தே கிடைக்கும். கருவி மாணவர் சட்டைப்பையிலேயே உள்ளது. பேருந்துக் கட்டணத்தை மட்டும் சங்கம் ஏற்குமாயின் வரும் ஆவணி விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.