சோப்புக்கும் ஒரு டிக்‌ஷனரி வேணும்!

வேங்கிக்கால் பக்கம் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற நண்பர்களே... "பௌர்ணமிக்கு கிரிவலம் வர்ற கூட்டத்துக்கு நாமளே ஹேண்ட்மேட் சோப்பு செஞ்சு வித்தா என்ன?"ன்னு உங்க செட்டுல ஒருத்தராவது கேட்டிருப்பாங்க. நல்ல ஐடியாதான். ஆனா அச்சு, சென்ட், கலர் பேப்பர்னு காசைப் போடுறதுக்கு முன்னாடி, அந்தத் தொழிலோட வார்த்தைகளைக் கத்துக்குங்க. பரீட்சையில அர்த்தம் தெரியலைன்னா மார்க்தான் போகும். இங்கே கைத்தோலே போயிடும்!

காஸ்டிக் சோடா: உங்க கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கிற அதே சோடியம் ஹைட்ராக்சைடு. தண்ணியில கரைச்சா அதுக்குப் பேர் 'லை'. எண்ணெயோட இது சேர்ந்து சோப்பும் கிளிசரினுமா மாறுறதுதான் சப்பானிஃபிகேஷன், அதாவது சோப்பாதல். அதனால 'காரமே சேர்க்காம செஞ்ச சோப்பு'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கரைக்கும்போது காஸ்டிக்கைத்தான் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில போடணும். காஸ்டிக் மேல தண்ணியை ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரிச்சிடும், எவர்சில்வர்தான் சரி.

சேப் வேல்யூ: ஒவ்வொரு எண்ணெயும் எவ்வளவு காஸ்டிக் கேட்கும்ங்கிற கணக்கு. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 18 கிராம். அதே 100 கிராம் நல்லெண்ணெய்க்கு 13 கிராம் சொச்சம்தான். 'தேங்காய் எண்ணெய் தீர்ந்துடுச்சு, நல்லெண்ணெய் ஊத்திக்கலாம்'னு அளவு மாத்தாம ஊத்தினா, மிச்சமாகிற 4, 5 கிராம் காரம் சோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வாங்கிட்டுப் போனவங்க தேய்ச்சுக் குளிச்சா எரியும்.

சூப்பர்ஃபேட்: அந்த ஆபத்து வராம இருக்க, காஸ்டிக்கை வேணும்னே 5 சதவீதம் அளவுக்குக் குறைச்சுப் போடுறது. கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாம தங்கும். தோல் ரொம்ப வறண்டு போகாது.

ட்ரேஸ்: கலவை தோசை மாவு பதத்துக்கு வந்து, கரண்டியில எடுத்து ஊத்தினா மேலே கோடு நிற்கணும். இதுதான் அச்சுல ஊத்துற நேரம்.

க்யூரிங்: வெட்டின கட்டிகளைக் காத்தாட 4 முதல் 6 வாரம் வைக்கிறது. ஈரம் போய் சோப்பு இறுகும். அதனால கார்த்திகை தீபத்துக்கு விற்கணும்னா ஐப்பசியிலேயே செஞ்சாகணும்!

மெல்ட் அண்ட் போர்: கடையில கிடைக்கிற சோப் பேஸை உருக்கி ஊத்துறது. கார வேலையை கம்பெனி முடிச்சிருக்கும். ஹாஸ்டல் ரூமுக்கு இதுதான் லாயக்கு.

சப்போனின்: சீயக்காய்லயும் பூந்திக்கொட்டையிலயும் நுரை வர வைக்கிற சமாச்சாரம். சப்பானிஃபிகேஷனுக்கும் இதுக்கும் பேர்ல ஒரே வேர். சோப்புன்னு அர்த்தமுள்ள 'சேப்போ'ங்கிற லத்தீன் சொல். வேலை மட்டும் வேற. கட்டி சோப்புல சீயக்காய்த் தூள் சேர்த்தாலும் அது சோப்புதான், சீயக்காய் ஆகிடாது.

டி.எஃப்.எம்.: மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. ஐ.எஸ்.ஐ. தரப்படி டாய்லெட் சோப்பு முதல் தரம்னா குறைஞ்சது 76 சதவீதம், இரண்டாம் தரம் 70, மூன்றாம் தரம் 60. 'பேதிங் பார்'னு போட்டிருந்தா 40 இருந்தாலே போதும். அடுத்த தடவை கடையில சோப்பு வாங்கும்போது கவரைத் திருப்பிப் பாருங்க.

லைசென்ஸ்: 'வீட்டுல செய்யறதுதானே'ன்னு நினைக்காதீங்க. 1982-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சோப்பும் அழகுசாதனப் பொருள்தான். இப்போ 2020 அழகுசாதன விதிகள்படி, தயாரிச்சு விற்கணும்னா மாநில அரசோட உரிமம் வேணும்.

தங்கச்சிக்கும் ஃப்ரெண்டுக்கும் பரிசா கொடுக்கிறதுல ஆரம்பிங்க. எந்த எண்ணெய், எத்தனை கிராம், எந்தத் தேதின்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. 'இதுல என்ன போட்டிருக்கீங்க?'ன்னு ஒருத்தர் கேட்டா, தயங்காம முழு லிஸ்ட்டையும் சொல்லத் தெரியணும். அதுக்கப்புறம் கடை போடுறதைப் பத்தி யோசிக்கலாம்!